பதினான்காம் பக்கத்தில் ஒரு கோடு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உதிக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்களே என்று ஆஸ்பத்திரியில் நகல் வாங்கிவந்த என் கேஸ் ஷீட்டில், பதினான்காம் பக்கத்தில் கிடந்தது.

போன ஐப்பசியில் டெங்கு வந்து, பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்திருந்தேன். அந்த ஐந்து நாளும் முப்பத்தோரு பக்கமாக என் கைக்கு வந்தன. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. ஒன்றையாவது வாசிக்க முடிய வேண்டுமே, எல்லாம் கோழிக் கிறுக்கல். பதினான்காம் பக்கத்தில் மட்டும் மதியம் 12.00 மணிக்கு என் ரத்த அழுத்தம் 160/100 என்று எழுதி, அதன்மேல் ஒரே ஒரு கோடு. அடிபட்ட எண் கோட்டுக்கு அடியில் நன்றாகவே தெரிகிறது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘தவறு’ என்று எழுதி, மதியம் 12.10 என்று நேரம் போட்டு, முழுப் பெயர்: ஷைனி. கீழே சரியான அளவு, 94/60.

முப்பது வருஷமாக எழுதுகிறேன். அடித்ததை எவனும் படித்துவிடக் கூடாதென்று தாள் கிழியும்வரை கிறுக்குகிற ஆள் நான். தன் தப்புக்கு நேரம் குறித்துப் பெயரும் போட்ட ஒருத்தியை நினைத்து, ரேஷன் கார்டும் இன்சூரன்ஸ் படிவமும் பரப்பிய மேசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிரமிப்பு என்றால் அதுதான்.

2

முதல் தொடக்கம்:

[அடித்தேன்: வெண்புறாவைப் போல வார்டுக்குள் நுழைந்தாள் அந்தத் தேவதை. அவள் கண்களில்]

அவள் போட்டிருந்தது பச்சை யூனிஃபார்ம். இரண்டு சைஸ் பெரியது. கண்களில் தூக்கம் இருந்தது. தேவதையாவது மண்ணாவது.

இரண்டாம் தொடக்கம்:

ஷைனி என் இடது கையில் நரம்பைத் தேடினாள். முதல் குத்தில் கிடைக்கவில்லை. இரண்டாவதில் கிடைத்தது. “பரவாயில்லம்மா, நன்றி” என்றேன்.

இது இருக்கட்டும். (இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.)

டூட்டி மாறும்போது நர்சுகள் கட்டிலின் கால்மாட்டில் நின்று நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைப்பார்கள். பெயர், என்ன நடந்தது, என்ன பாக்கி. என்னை ஷைனி ஒப்படைத்தது காதில் விழுந்தது. “கலையரசன் சார், ரெண்டாவது நாள். காய்ச்சல் விட்டுருச்சு, பிரஷர் கொறைவு. மூணு மணிக்கு ரத்தம் எடுக்கணும். கொஞ்சம் கோவக்காரரு, பாத்துக்கங்க சிஸ்டர்.”

என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

3

பாத்திரத்தை நேரில் பார்க்காமல் எழுத வராது எனக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய் ஷைனி எந்த டூட்டி என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அப்படி யாரும் இங்க வேலை பாக்கலைங்களே” என்றார்.

“போன ஐப்பசியில எனக்கு ஊசி போட்டுச்சுங்க.”

“எப்பவுமே இல்லைங்க.”

ஐந்து நாள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார், பேயா? கத்தலாமென்று வாயைத் திறந்தபோது, வார்டு கூட்டுகிற வீரம்மாள் என்னை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார். “சத்தம் போடாதீங்க சாமி. அந்தப் புள்ள ட்ரெயினி. கணக்குலயே காட்ட மாட்டாங்க. இப்ப அரியலூர்ல ஜவுளிக்கடையில பில் போடுது” என்று நம்பரைக் கொடுத்தார்.

4

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை. சாப்பாட்டு இடைவேளையில் வந்தாள். வரதராசன்பேட்டைப் பெண், இருபத்துமூன்று வயது, பி.எஸ்சி. நர்சிங். சட்டையில் ஜவுளிக்கடைப் பெயர் போட்ட பட்டை.

“கதை எழுதறேம்மா, உன்னைப் பத்தி.”

“என்னைப் பத்தி என்ன சார் இருக்கு?”

இருந்தது. பதினோரு மாதம் அந்த ஆஸ்பத்திரியில் வேலை. ஆர்டர் கிடையாது, வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது. இவள் எழுதுவாள், சீனியர் சிஸ்டர் கையெழுத்துப் போடுவார்.

“அது ஏன் பதினோரு மாசம்?”

“பன்னெண்டு ஆனா ஒரு வருஷ சர்ட்டிபிகேட் கேப்போம்ல சார். அதுக்குள்ள அடுத்த பேட்ச்சு வந்துட்டாங்க. வரிசையா வர்றாங்க சார், வருஷா வருஷம்.”

ஒன்பது இன்டர்வியூ போயிருக்கிறாள். எல்லா இடத்திலும் ஒரு வருட அனுபவம் கேட்டார்கள். “கடைசியா போனதுல காலி நாலே இடம், வந்தது முந்நூத்திப் பன்னெண்டு பேரு. என் டோக்கன் எரநூத்தி எழுவது. எல்லாரும் ஒரே மாதிரி தலை வாரி, ஒரே கலர் ஃபைலு. கண்ணாடியில பாத்தா எனக்கே நான் எதுன்னு தெரியல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அத்தனை பேருக்கும் நரம்பு பிடிக்கத் தெரியும், அத்தனை பேரும் வெயிலில் நின்றிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மலைப்பாக இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் திருச்சியில் பத்தாவது இன்டர்வியூ. அனுபவத்துக்கு ஆதாரம் ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

“இதுலயும் இல்லைன்னா, அம்மா கடையிலயே இருந்துக்கன்னுட்டாங்க. எழுதாத வேலை செய்யாத வேலைன்னு காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்க சார். அப்படிப் பாத்தா நான் ஒண்ணுமே செய்யல. அந்த ஆஸ்பத்திரியில எம்பேரு போட்ட தாள் ஒண்ணு கூடக் கெடையாது.”

நான் பையிலிருந்து பதினான்காம் பக்கத்தை எடுத்து டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆஸ்பத்திரி முத்திரை, தேதி, ஷைனி.

மறந்தே போயிருந்தாள் போல, குனிந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

“பக்கத்து பெட் அய்யாவோட பிரஷர் சார் அது. உங்க ஷீட்ல எழுதிட்டேன். ரவுண்ட்ஸ்ல டாக்டர் பாத்திருந்தா பிரஷரை எறக்க மாத்திரை எழுதியிருப்பாரு. உங்களுக்கு ஏற்கனவே எறங்கிக் கெடந்துச்சு.”

“யாரும் பாக்கலையே. வைட்னர் தடவியிருக்கலாம், தாளையே மாத்தியிருக்கலாம்.”

“சார்” என்றாள், நான் என்னவோ திருடச் சொன்னதுபோல. “ஒரே கோடுதான் போடணும். அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியணும். தப்பு பண்ணவங்கதான் கையெழுத்துப் போடணும். மத்ததுக்கெல்லாம் சீனியர் போடுவாங்க, இதுக்கு மட்டும் நான் போட்டேன். அன்னிக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

பதினோரு மாதத்தில் அவள் சரியாகச் செய்ததெல்லாம் வேறு பெயர்களில் இருக்கிறது. தப்பு ஒன்றுதான் அவள் பெயரில் இருக்கிறது.

“தப்பைக் காட்டியா சார் வேலை கேக்கறது?” என்றாள். பிறகு அவளே, “ஒருநாளாவது இருந்தேன்னு தெரியும்ல” என்றாள்.

தாளை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

5

முடிவு, அ:

[அடித்தேன்: திருச்சியில் தலைமை நர்ஸ் அந்தக் கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்படி ஒரு பெண்ணைத்தான் இத்தனை நாளாக]

முடிவு, ஆ:

[அடித்தேன்: “முதல் வேலையிலேயே தப்பா? அடுத்த டோக்கன்” என்றார். ஷைனி அழுதுகொண்டே]

இரண்டையும் போனில் படித்துக் காட்டினேன். “ரெண்டுமே இன்னும் நடக்கலையே சார். பிரஷர் பாக்காம அளவு எழுதற மாதிரி இருக்கு, அதெல்லாம் எங்களுக்கு ஆகாது” என்றாள். அப்புறம், “நான் அழவும் மாட்டேன்.”

கையெழுத்துப் பிரதியை என் மனைவி முத்தமிழும் படித்தாள். ஐந்து நாளும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். இரண்டாம் பகுதியில் விரலை வைத்தாள்.

“நன்றி சொன்னீங்களா? நீங்களா?”

கதையென்றால் பாதி கற்பனைதானே என்று மழுப்பினேன். அவள் தாளைத் திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகவே, இரண்டாம் பகுதியில் ஒரு திருத்தம்:

[அடித்தேன்: “பரவாயில்லம்மா, நன்றி” என்றேன்.] தவறு. நான் சொன்னது: “கத்துக்கிறதுக்கு என் கையா கெடச்சுது? வேலை தெரிஞ்ச ஆளா யாரையாச்சும் கூப்புடு.” வார்டே திரும்பிப் பார்த்தது. “சாரி சார்” என்று சொல்லி, என் கையை விடாமல், இரண்டாவது குத்தில் நரம்பைப் பிடித்தாள். மறுநாள் அதே கோபக்காரனின் உயிருக்காகத் தன் பெயரைத் தாளில் போட்டுக்கொடுத்தாள்.

தப்பு செய்தவன்தான் கையெழுத்திட வேண்டும். கலையரசன், ஞாயிறு, மாலை 5.40.

இதை எழுத எனக்கு நாலு பகுதி தேவைப்பட்டது. அவளுக்குப் பத்தே நிமிடம்.

6

நாளை பத்து மணி இன்னும் வரவில்லை. பார்க்காததை எழுதக் கூடாது. தாளின் அடியில் வெற்றிடம் விடவும் கூடாதாம், ஷைனி சொன்னாள், யாராவது எதையாவது நுழைத்துவிடுவார்களாம். அதனால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டேன். என் டூட்டி முடிந்தது. கால்மாட்டில் நின்று உங்களிடம் ஒப்படைக்கிறேன். யார் கண்டது, நாளை அந்த இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போவது நீங்களாகவும் இருக்கலாம்.

ஷைனி, வரதராசன்பேட்டை. பதினோரு மாதம் வேலை பார்த்தாள், நான் சாட்சி. காலை ஐந்தரைக்கு பஸ். ஃபைலில் பதினான்காம் பக்கத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறாள். கொஞ்சம் பயம் இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.