இறங்காத அம்பும் கப்பலூர்ச் சக்கரமும்

2002ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை தல்லாகுளத்து மைதானத்தில் ஸ்ரீலட்சுமி எய்த அம்பு 2008 தை வரைக்கும் கீழே விழவில்லை. அந்த வாரம் தக்காளி கிலோ ஆறு ரூபாய்க்கு விற்றது, மழை இல்லை. ஸ்ரீலட்சுமிக்கு அப்போது இருபது வயது. அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா கொடுத்துவிட்டுப் போன கார்பன் காம்பவுண்ட் வில் அது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் நாண், மற்றதெல்லாம் கார்பன் இழையை நெய்து பசையில் இறுக்கியது. அவள் நாணை விட்ட அதே நொடியில் மேல் சக்கரம் இரண்டாகப் பிளந்து கன்னத்தைக் கீறியது. வலியில் கையை இறக்கிவிட்டாள். வில்லெடுக்கும் யாருக்கும் முதல் நாளே சொல்லித்தருகிற விதி ஒன்று உண்டு: அம்பு போய்ச் சேருகிறவரை வில் பிடித்த கையை இறக்கக் கூடாது. கை இறங்கியதால் அம்புக்குப் போகிற இடம் தெரியாமல் போயிற்று. இலக்கைத் தாண்டி எழும்பி, வேப்பமரங்களுக்கு மேலே திரும்பி வந்து, அவள் தலைக்கு மேல் வட்டமடிக்கத் தொடங்கியது.

முதல் மாதம் கூட்டம் கூடிப் பார்த்தது. இரண்டாம் மாதம் யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அவரவருக்கு வேலை கிடந்தது. அம்பின் குணம் ஸ்ரீலட்சுமிக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். அவள் நகர்ந்துகொண்டே இருந்தால் அது உயரத்தில் கூடவே வரும். வெட்டவெளியில் நின்றுவிட்டாலோ வட்டம் சுருங்கிச் சுருங்கிக் கீழே இறங்கும். வீட்டுக்குள் இருந்தால் மொட்டைமாடிக்கு மேல் ரீங்காரத்தோடு காத்திருக்கும். பக்கத்து மாடியில் வடகம் காயப்போட வந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆறு வருஷத்தில் ஐந்து வீடு மாறினார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, வெயிலே இல்லாத நாளில் குடையை விரித்துக்கொண்டு போயிற்று. நிற்காத வேலையாகத் தேடி அவள் கூரியர் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, மொபெட்டில் மதுரையையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் சுற்றினாள். சிக்னலில் நிற்கப் பயந்து சந்து சந்தாகப் போவாள். அவள் சுறுசுறுப்பை மெச்சி மேனேஜர் இரண்டு முறை சான்றிதழ் கொடுத்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

2004 பங்குனியில் திருவாதவூர் போகும் வழியில் மொபெட் பஞ்சரானது. வயலோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மலையம்மாள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். செம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அம்பு சரேலென்று இறங்கி, ஒரு குட்டியின் காதைத் துளைத்துக்கொண்டு மறுபடி மேலே போய்விட்டது. குட்டி கதறிய கதறலில் மற்ற ஆடுகள் சிதறி ஓடின. மலையம்மாள் முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள். மேலே பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"காதோட போச்சு, சரி. நாளைக்கு எம் பேரன் வந்து ஒம் பக்கத்துல நின்னா என்ன தாயி பண்ணுவ?"

ஸ்ரீலட்சுமி செம்பைக் கீழே வைத்தாள். காற்றில்லாத வண்டியை உருட்டிக்கொண்டே மேலூர் ரோடு வரை ஓடினாள். ஒருநாள் தன்னால் ஒரு உயிர் போகப்போகிறது என்ற பயம் அன்று அவளுக்குள் வந்து உட்கார்ந்தது, அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பரணில் கிடந்த வில்லை இறக்கினாள். வேறு விற்களில் முயன்று பார்த்தாயிற்று, அம்பு சட்டைசெய்யவில்லை. அந்த வில்லில் ஆரம்பித்ததை அந்த வில்லில்தான் முடிக்க முடியும்.

வில்லைச் செய்த கம்பெனி அந்த மாடலையே நிறுத்தியிருந்தது. பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பிய கடிதத்துக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: உதிரிபாகம் இல்லை, புது வில் வாங்கிக்கொள்ளவும், நன்றி. முதலில் பெயின்டுக்கு அடியில் கார்பனில் விரிசல் உண்டா என்று தெரிய வேண்டும். காஜிமார் தெருப் பக்கம் பைக் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் நூருல் அமீனிடம் கொண்டுபோனாள். ரிமூவர் ஊற்றினால் இன்றைக்கே பெயின்ட் உரிந்துவிடுமே என்று பறந்தாள்.

"ரிமூவரு கலர மட்டும் திங்காது தங்கச்சி, உள்ள இருக்க பசையையும் சேத்துத் தின்னுரும். கையால தேய்க்கணும். நீ இங்கன நிக்காத, ஒரு ரவுண்டு போயிட்டு வா."

வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து நனைத்து இருபத்திரண்டு நாள் தேய்த்தார். இலைதழை போட்ட பெயின்ட் போனதும் அடியில் கறுப்பாக நெசவு தெரிந்தது. ஸ்ரீலட்சுமியின் அம்மா சுந்தரவல்லி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். அவள் வந்து, வில்லை மடியில் கிடத்தி, வளர்த்த நகத்தால் இழை இழையாகத் தடவித் தாய்மொழியான சௌராஷ்டிரத்தில் எண்ணினாள். ஒரு பகல் முழுக்க எண்ணிவிட்டு, "ஒத்த இழைகூட அறல தம்பி" என்று அமீனுக்காகத் தமிழில் சொன்னாள். இனி விரிசல் விட்டால் உடனே கண்ணில் படட்டும் என்று அமீன் நிறமே பூசாமல் கிளியர் லாக்கர் மட்டும் இரண்டு கோட் அடித்தார்.

சக்கரத்துக்குக் கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருந்த விருமாண்டியைப் பிடித்தார்கள். கெட்டிக்காரர், ஆனால் இருபது வருஷமாக உருண்டை சாமான்களையே கடைந்தவர். கீழ்ச் சக்கரம் முட்டை வடிவில் இருப்பதையும் அச்சு ஓட்டை ஓரத்தில் கிடப்பதையும் பார்த்து, வெள்ளைக்காரன் தவறிவிட்டான் என்று பரிதாபப்பட்டார். அசலான வட்டத்தில், நட்டநடுவில் ஓட்டை போட்டு ஒரு ஜோடி செய்துகொடுத்தார்.

"கோணலா கெடந்துச்சும்மா, நேர் பண்ணிட்டேன். அதுக்குன்னு தனியாக் காசு வேணாம்."

அவற்றை மாட்டி நாணை இழுத்தபோது மூன்று எண்ணும் நேரம்கூட அவளால் பிடித்து நிற்க முடியவில்லை. மேலே அம்பின் வட்டமும் அளவெடுத்தாற்போல் உருண்டையாகி, வேகம் இரண்டு மடங்காயிற்று. தல்லாகுளத்து நாய்கள் பதினோரு நாள் அதன் கீழே சுற்றிச் சுற்றி ஓடின. ஓட்டை ஓரத்தில் இருந்தால்தான் நாணை முழுக்க இழுத்ததும் கனம் சட்டென்று குறையும், அசையாமல் நிற்க முடியும் என்று ஸ்ரீலட்சுமி அவருக்கு விளக்கினாள். விருமாண்டி வெட்கப்பட்டு இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. பிறகு, கையிலிருந்த மற்ற வேலைகளுக்கு நடுவே, ஏழு முறை செய்தார். ஏழாவது சரியாக வந்தது. சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த நாண் ஒரு விரற்கடை குட்டையாக இருந்து, திருப்பி அனுப்பி, மறுபடி வருவதற்குள் இன்னொரு வருஷம் ஓடிப்போயிற்று. அவளும் ஓடிக்கொண்டேதான் இருந்தாள்.

2008 தையில், காலை எட்டரை மணிக்கு, அதே மைதானத்தில் அதே இடத்தில் போய் நின்றாள். அம்மாவும் அமீனும் விருமாண்டியும் வந்திருந்தார்கள். வெறும் நாணை இழுத்து விட்டால் வில் சிதறிவிடும். அதனால் இழுத்து, விடாமல், பிடித்துக்கொண்டு நின்றாள். வட்டம் சுருங்கியது. வேப்பமரத்துக்குக் கீழே வந்தது. சுந்தரவல்லி மகளிடம் ஓடப் பார்க்க, விருமாண்டி குறுக்கே நின்று மறித்தார். ஸ்ரீலட்சுமி நாணை விடவில்லை. அம்பு முதுகுப் பக்கமாக வந்து, காதோரம் வேகம் குறைந்து, பின்னோக்கி நகர்ந்து டிக்கென்று நாணில் பொருந்தியது. டீசல் புகையில் கறுத்திருந்தது. ஓர் ஆட்டு மயிர் ஒட்டியிருந்தது. இலக்கைப் பார்த்தாள், விட்டாள். வைக்கோல் இலக்கில் அம்பு தைத்த சத்தம் நான்கு பேருக்கும் கேட்டது.

அவள் கையை இறக்கவில்லை. கண்ணீர் வழிந்தது, கை அப்படியே நீட்டியிருந்தது.

"சேந்துருச்சு தங்கச்சி. கைய எறக்கு," என்றார் அமீன்.

"நெசமாவாண்ணே?"

"இரு, தொட்டுப் பாத்துட்டு வாரேன்."

நடந்து போய், அம்பைத் தொட்டுப் பார்த்து, இங்கே திரும்பித் தலையாட்டினார். அப்புறம்தான் கையை இறக்கினாள். அங்கேயே, வெட்டவெளியில், தரையில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. அம்மா கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. உச்சிப்பொழுது வரை எங்கேயும் போகாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்பு இப்போது அமீன் கடைச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே இருக்கிறது. வாட்டர் பேப்பர் தாள்களை அதில்தான் தொங்கவிடுகிறார். ஸ்ரீலட்சுமி அந்தத் தெருவழியே போகும்போது மட்டும் அது கொஞ்சம் அசையும். "சும்மா கெட" என்பார் அமீன். அது கிடக்கும்.