எண்பத்திரண்டு இறாத்தல்

என் தங்கச்சி எல்சி ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டாள் என்பது கொப்பியில் எழுதியிருந்தது. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் சோறும் மீனும், பின்னேரம் பால், இரவில் புட்டு. அப்படியிருந்தும் மூன்று கிழமையில் ஐந்து இறாத்தல் நிறை குறைந்து எண்பத்திரண்டில் நின்றாள். எனக்கு இது விளங்கவேயில்லை.

அவளுக்குப் பதினேழு வயது. கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் என்று கொழும்பில் சொல்லி ஊசி தொடங்கியிருந்தார்கள். "எண்பதுக்குக் கீழே போனால் அடுத்த ஊசி இல்லை, உடம்பு தாங்காது" என்றார் டொக்டர். அடுத்த ஊசிக்குப் பத்து நாள் இருந்தது.

நான் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் எஞ்சினைப் பார்ப்பவன். எஞ்சினுக்கு ஒரு புத்தகம் உண்டு. ஒரு பக்கம் ஊற்றிய டீசல், மறுபக்கம் ஓடிய நேரம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எஞ்சினின் சுகம் தெரியும். எல்சியின் கொப்பிக்கும் அப்படியே கோடு போட்டேன்: சாப்பாடு, தேகாப்பியாசம், நிறை. நான் விடிய நாலரைக்கே வேலைக்குப் போய்விடுவதால் அம்மா எழுதினார். தேகாப்பியாசம் என்ற இடத்தில் ஒவ்வொரு நாளும் "இல்லை" என்றிருந்தது.

ஞாயிறு டிஸ்பென்சரியில் அவளை நிறுத்துவிட்டு வந்ததும் கொப்பியைக் கதிரையில் எறிந்தேன்.

"உண்மையைச் சொல்லு. சாப்பாட்டை ஆருக்குக் கொட்டுறாய்? நாய்க்கோ?"

"ஓம், நாய்க்குத்தான். எழுதுங்கோ. எல்சி குரைச்சவள் எண்டும் எழுதுங்கோ." கதவைப் படாரென்று சாத்தினாள்.

திங்கள் வேலையில் என்னோடு நிற்கும் றஊப்பிடம் சொல்லிப் பொருமினேன்.

"டாங்கி ஒழுகுதா?" என்று கேட்டான்.

"இல்லை. அம்மா பக்கத்தில இருந்து பாத்துத்தான் எழுதிறவ."

"அப்ப நீ இல்லாத நேரம் ஆரோ மிசினை ஓட்டுறாங்க மச்சான்."

செவ்வாய் நான் வேலைக்குப் போகவில்லை. சைக்கிளோடு எங்கள் ஒழுங்கை முடக்கில் மறைந்து நின்றேன். விடிய ஐந்து மணிக்கு அம்மாவும் எல்சியும் வீட்டிலிருந்து வெளியே வந்தார்கள். எல்சியின் காலில் செருப்பில்லை. உவர்மலை இறக்கத்தால் இறங்கி, ஒன்றரை மைல் நடந்து, மாதா கோயிலுக்குள் போனார்கள். பூசை முடிந்து திரும்பும்போது ஏற்றத்தில் ஏலாமல் எல்சி மதகில் குந்திவிட்டாள். நான் முன்னால் போய் நின்றேன்.

"எத்தினை நாளா இது?"

"இருபத்திமூண்டு. இவளுக்குச் சுகம் வர மாதாவுக்கு வைச்ச நாப்பது நாள் நேர்த்தி," என்றார் அம்மா.

"அப்ப ஏன் இல்லை எண்டு எழுதினீங்கள்? பொய்தானே?"

அம்மாவுக்கு என்னைவிடக் கோபம் வந்தது. "நானோ பொய் சொல்லுறனான்? தேகாப்பியாசம் எண்டால் பள்ளிக்கூடத்தில குதிக்கிறது. இது மாதாவிட்டப் போறது. மாதாவையும் உன்ர டீசல் புத்தகத்தில எழுதவோ?"

"அதுவும் வெறுவயித்தில!"

"பின்னை? நன்மை எடுக்க முன்னம் ஆரும் சாப்பிடுறதோ?"

பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவர் நள்ளிரவிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பது அம்மாவின் இளவயதுச் சட்டம். திருச்சபை அதை ஒரு மணித்தியாலமாகக் குறைத்துப் பல வருடமாயிற்று. சொன்னால், "அது உங்கட காலத்துக்கு" என்றார்.

"நாளையிலயிருந்து ஒருத்தரும் நடக்கிறேல்லை!" என்று கத்தினேன்.

எல்சி எழும்பினாள். "நேர்த்தி அம்மான்ர. கொப்பி அண்ணான்ர. கால் மட்டும்தான் என்ர. என்னை ஆரும் ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? நடக்க எனக்கு விருப்பம். அதை நிப்பாட்டினால் ஊசிக்கும் வரமாட்டன்."

டொக்டரும் நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்தால்தான் தசை கரையாது. பிழை நடையில் இல்லை. வெறுவயிற்றில் அந்த ஏற்றத்தை ஏறியதும், மூன்று மைலைக் கொப்பியில் விட்டதும்தான் பிழை.

அன்றைக்கே எல்சி அடிமட்டத்தை என்னிடமிருந்து பறித்துப் புதுக்கோடு போட்டாள். தேகாப்பியாசம் என்பதை வெட்டி, நடந்த தூரம் என்று எழுதினாள். அதன்பின் அம்மா என்னோடு கதைக்கவில்லை, ஆனால் நாலரைக்கு அடுப்பு மூட்டினார். நான் பிந்திப் போக, றஊப் என் வேலையின் முதல் இரண்டு மணித்தியாலத்தையும் தானே பார்த்தான். ஊசி நாளன்று கொழும்பில் தராசு எண்பத்துமூன்றரை காட்டியது. ஊசி போட்டார்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். புறப்பட முன் முட்டை அடித்த கஞ்சி. போகும்போது செருப்போடு நடை. ஏற்றத்துக்கு என் சைக்கிள் கரியர். கோயிலோ கிணற்றடியோ, கால் நடந்த தூரம் முழுவதும் எல்சியின் கையால் கொப்பியில்.