ஏழாவது அடுக்கில் ஒரு பெண் மீன்

மூடிய பீப்பாய்க்குள் எத்தனையாவது அடுக்கில் எந்த மீன் கெட்டிருக்கிறது என்று தெருவில் நின்றபடியே சொல்லிவிடுவாள் பஹீகா. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எங்கள் தெரு நாவிதர் வக்தியும்தான் நம்பவில்லை.

அந்த மூக்கை வைத்துக்கொண்டு அவள் பதினைந்து வருஷம் சோப்பு விற்றாள் என்பதுதான் கொடுமை. அவள் அப்பா டெல்டா முழுக்கப் பேர்போன ஃபசீக் வியாபாரி. மடவை மீனை வெயிலில் வீங்கவிட்டு, உப்பில் புதைத்து, ஊரே மூக்கைப் பொத்த நாறவைத்து விற்கிற தொழில். அந்த நாற்றம் தாங்காமல் கழுதைகள் வழி மாறிப் போயிருக்கின்றன. ஒருமுறை ரயிலே எங்கள் ஊரில் நிற்காமல் போனது.

நல்ல நாற்றத்துக்கும் கெட்ட நாற்றத்துக்கும் நடுவே மயிரிழைதான் வித்தியாசம். பத்தொன்பது வயதில் ஒருநாள், ஒரு பீப்பாய் சரியில்லை என்று பஹீகாவின் மூக்குக்குப் பட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அழுகல் பேச்சு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த மீனைத் தின்ற பக்கத்து வீட்டு அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றிலிருந்து பஹீகாவுக்கு மீன் என்றாலே குமட்டல். அல்லது, குமட்டல் என்று சொல்லிக்கொண்டாள். மல்லிகைத் தைலம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டுதான் அண்ணன் கடையைத் தாண்டுவாள்.

அண்ணன் பேர் ஜெய்ன்ஹும். அப்பா போனபின் கடையை அவன்தான் நடத்தினான். நாற்றத்திலேயே குடியிருந்து அவனுக்கு மோப்பம் செத்துப்போயிருந்தது. ஒட்டகச் சாணியும் பன்னீரும் அவனுக்கு ஒன்றுதான்.

அந்த வருஷம் கம்சீன் அனல்காற்று முந்திக்கொண்டது. வசந்தத் திருநாளுக்கு முந்தின காலை, பாதி ஊர் கூடையோடு கடை வாசலில் நின்றது. விடிந்தால் ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து வெங்காயத்தோடு இதைத் தின்றாக வேண்டுமே. கைக்குட்டையோடு தாண்டப் போன பஹீகா நின்றுவிட்டாள். மல்லிகையைத் துளைத்துக்கொண்டு ஏதோ வந்தது. புண்ணில் ஒரு வாரம் கட்டி வைத்துப் பிரித்த துணி. அதன்மேல் யாரோ தேன் தடவின மாதிரி.

கால் போ என்றது. சொல்லி, அது தப்பாய்ப் போனால் அண்ணனின் பிழைப்பு நாறிவிடும். சொல்லாமல் போனாலோ, பக்கத்து வீட்டு அம்மாவின் மஞ்சள் முகம் ஊர் முழுக்க முளைக்கும்.

வரிசையில் முதல் ஆள் வக்தி. இன்னும் திறக்காத ஐந்தாவது பீப்பாய்தான் வேண்டும் என்று நின்றார். மூடியிடுக்கில் இனிப்பாக வாசம் வருகிறதாம், நன்றாகப் பழுத்திருக்கிறதாம்.

பஹீகா கைக்குட்டையை எடுத்தாள். "அண்ணே, அதை விக்காதே. ஏழாவது அடுக்குல ஒண்ணு வயிறு வெடிச்சுக் கெடக்கு."

வரிசை சிரித்தது. வக்தி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "சோப்புக்காரிக்கு மீன் சோசியம் வேறயா? ஏம்மா, அது ஆணா பொண்ணான்னும் சொல்லிடேன்."

"பொண்ணு. சினையோட."

ஜெய்ன்ஹும் தங்கையின் முகத்தையே பார்த்தான். பிறகு மூடியை நெம்பினான். அண்ணன் தங்கை சொல்கிற எண்ணிக்கையை நம்ப மாட்டேன், நானே எண்ணுகிறேன் என்று வக்தி சட்டைக் கையைச் சுருட்டினார்.

மூடி திறந்ததும் வரிசை பத்தடி பின்வாங்கியது. சாம்பல் நிறச் சளிக்குள் கையை விட்டு வக்தி அடுக்கடுக்காக எடுத்து வைத்தார். ஆறு வரைக்கும் மீன் மீனாகவே வந்தது. ஏழாவதில் அவர் விரல்கள் எதற்குள்ளோ நுழைந்தன. இழுத்தார். தோல் மட்டும் வந்தது. உள்ளே இருந்தது, பழுத்த கட்டி உடைந்த மாதிரி முழங்கை வரை வழிந்தது. மஞ்சள் சீழில் சினைமணிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. காலையில் தின்ற அவரையை வக்தி தன் செருப்பு மேலேயே கக்கினார். வரிசையில் நாலு பேர் துணைக்குக் கக்கினார்கள்.

பஹீகாவுக்குக் குமட்டவில்லை. அவளுக்கே அது ஆச்சரியம். மல்லிகைக் கைக்குட்டையை வக்தியிடம் துடைத்துக்கொள்ளக் கொடுத்தாள். ஆணியில் தொங்கிய அப்பாவின் ரெக்சின் மேலங்கியைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பீப்பாயைக் குழிவெட்டிப் புதைக்கச் சொல்லிவிட்டு, மிச்ச நாலிலும் தலையை விட்டு, செவுள் செவுளாக மோந்தாள். நாலும் அருமையான நாற்றம். அதன்பிறகு அவள் சோப்புக் கடையைத் திறக்கவேயில்லை.

மதியத்துக்குள் கதை மன்ஸூரா பட்டணம் வரைக்கும் போய்விட்டது. டீக்கடையில் யாரும் நம்பவில்லை. எதையும் நம்பாத வக்தியையே கேட்டார்கள். பதினோரு சோப்புக் கட்டி கரைந்தும் நாற்றம் போகாத கையை அவர் ஒருதரம் மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான்தான்யா எண்ணினேன். ஏழுதான். பொண்ணுதான்."