நகராத சைக்கிள்

என் மனைவி பாவாத்தாள் சென்ற ஆண்டு தை மாதம் போய்ச் சேர்ந்தாள். அதன்பின் ஒரு வருஷம் நாற்காலியிலேயே இருந்தேன். துக்கம் என்று சொல்வதற்கில்லை. எழுந்து செய்ய வேலை எதுவும் இல்லை. வருஷத் திதி முடிந்தபோது, கையை ஊன்றாமல் எழ முடியவில்லை.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே எங்கள் குலதெய்வக் கோயில். பங்குனி நோம்பித் திருவிழாவில் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கு. அதைப் பெறுகிறவர் தலையில் தீர்த்தக் குடத்தோடு மண்டியிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழ வேண்டும். எழுந்தால்தான் பரிவட்டம் கட்டுவார்கள். சென்ற ஆண்டு எனக்குத் தீட்டு என்பதால் பங்காளி ராசப்பன் கட்டிக்கொண்டான். இந்த ஆண்டும் கட்டிக்கொண்டால் அது அவன் வீட்டுக்கே ஆகிவிடும்.

மகன் ரங்கராஜ் என்னைக் கோயமுத்தூருக்கு அழைத்துப்போய் ஒரு சைக்கிள் வகுப்பில் சேர்த்தான். மாடி ஹாலில் பன்னிரண்டு சைக்கிள்கள், எதுவும் நகராது. காலை ஆறு மணிக்கு டேப்பில் பாட்டுப் போட்டுவிட்டு எல்லோரும் ஒன்றாக மிதிப்பார்கள்.

பக்கத்து சைக்கிளில் பங்காரு என்ற அம்மாள். முதல் நாளே, “ஏனுங்க, ஆறு மாசமா மிதிக்கறேன், இன்னும் உக்கடமே தாண்டலைங்க,” என்றார்.

மாஸ்டர் அன்புமணி. எங்கள் பண்ணையத்தில் இருபது வருஷம் வேலை செய்த ஐயாசாமியின் மகன்.

“சொல்லிப்போட்டுத் தொடறனுங்க,” என்று என் தொடையில் இரண்டு விரலை வைத்து அழுத்தினான். “முட்டில ஒண்ணுமில்லீங்கய்யா. ஆளைத் தூக்கறது இந்தச் சதைதானுங்க. ஒக்காந்தே இருந்து வத்திப்போச்சு. இந்தத் திருகை இறுக்குனா மேடு ஏர்றாப்பல கனக்குமுங்க. அப்பத்தான் சதை வலுக்கும்.”

ஐயாசாமியை நான் வாடா போடா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே எல்லோரும் அவன் மகனை வாங்க போங்க என்றார்கள். அவர்கள் நடுவே ‘டா’ போட வாய் வரவில்லை. ‘ங்க’ போடவும் வரவில்லை. ஐந்து வாரம் சைக்கிளைப் பார்த்தே பேசினேன். “திருகு இறுக்கமா இருக்குது,” என்பேன். அவன் வந்து தளர்த்துவான்.

ஆறாம் வாரம், எழுந்து நின்று மிதிக்கும்போது தொடை பிடித்துக்கொண்டது. சக்கரம் நிற்காமல் காலையும் இழுத்துக்கொண்டு சுற்றியது.

“நிறுத்துங்க!” என்றேன். “அன்புமணி, நிறுத்துங்க!”

அவன் ஓடிவந்து பிரேக்கை அழுத்தினான். என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். நான் ‘ங்க’ போட்டதில் மற்றவர்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

நோம்பியன்று குடத்தோடு மண்டியிட்டேன். தொடை தூக்கியது. எழுந்தேன். கூட்டம் குலவை போட்டது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பூசாரி பரிவட்டத் தட்டோடு வந்தார்.

“ஏனுங்கண்ணா, பஸ் ஏறவே ரெண்டு பேரு புடிக்கோணுமுன்னாங்க,” என்றான் ராசப்பன். “இந்தத் தொடைய எந்தச் சந்தைல வாங்குனீங்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“கோயமுத்தூர்ல சைக்கிள் கிளாசு.”

“வாத்தியாரு ஆருங்க?”

சொல்ல வேண்டாமென்று ரங்கராஜ் கண்ணைக் காட்டினான். டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். சாமி முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பொய் சொன்னதில்லை.

“நம்ம ஐயாசாமி மகன்.”

சிரிப்பு நின்றது.

“தொட்டுப் பழக்குனானுங்களா?”

“தொட்டுத்தான்.”

“பூசாரி, செத்த பொறுங்க. இதைப் பேசோணும்,” என்றான் ராசப்பன்.

“எந்திரிச்சுட்டாருங்களே,” என்றார் பூசாரி. ஆனால் தட்டை நீட்டவில்லை. பெரியவர்கள் வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.

ரங்கராஜ் குடத்துக்குக் கை நீட்டினான். “எறக்கிருங்கப்பா. அவங்க பேச நேரமாகும்.”

“கையெடு,” என்றேன்.

மரத்தடியைப் பார்த்துச் சொன்னேன்: “மெதுவாப் பேசி முடிங்க. நான் நிக்கறேன்.”

தொடை கனத்தது. நடுங்கவில்லை.