ஐஸ் பெட்டியில் ஊர்க்காவலனின் கட்டி

ஊர்க்காவலன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கியவர். நுரையீரலில் வந்த புற்றுநோய் முதலில் மாத்திரைக்கு அடங்கியது. பிறகு கழுத்தில் கட்டியாகத் தலைகாட்டியது. வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

அதை வாங்கிப்போக மதுரை ஆய்வகத்திலிருந்து பானுப்பிரியா சிவகாசிக்கு வந்திருந்தாள்.

"இத வச்சு என்ன செய்வீக தாயி?" என்று கேட்டார் ஊர்க்காவலன்.

"கட்டிக்குள்ள எல்லா செல்லும் ஒண்ணுபோல இருக்காதுய்யா. ஒவ்வொண்ணாப் பிரிச்சு அதோட மரபணுவப் பாப்போம். மாத்திரைக்குத் தப்புன செல் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சா, அதுக்கு வேற மருந்து இருக்கான்னு டாக்டர் பாக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. செல்லு உயிரோட வந்து சேரணும்."

"சேந்துரும்" என்றார்.

மதியத்துக்குள் கட்டி அவள் மடியிலிருந்த ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. டிரைவர் காளிராஜ் திருத்தங்கலைத் தாண்டி விருதுநகர் ரோட்டில் வேகம் பிடித்தபோது கார்க் கண்ணாடி அதிர்ந்தது. சோளக்காட்டுக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. ஆட்கள் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். இரண்டு பேர் சாக்கில் ஒரு பெண்ணைத் தூக்கி வந்து காரை மறித்தார்கள்.

"ஆம்புலன்ஸ் வாரதுக்குள்ள உசுரு போயிரும்மா. ஏத்திக்கோங்க."

காளிராஜ் பானுப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்தாள்.

கார் சிவகாசிக்கே திரும்பியது. அந்தப் பெண்ணின் சேலை கருகி உடம்போடு ஒட்டியிருந்தது. "பேரு பொன்மணி. விஸ்வநத்தம். வீட்டுல சொல்லிருங்க" என்று வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுக்கலாமா என்று பானுப்பிரியாவுக்குத் தெரியவில்லை. கொடுக்கவில்லை.

பொன்மணியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தபோது தீயணைப்பு வண்டிகளுக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள். மதுரை போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. செத்த செல் நீலச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்த இடமெல்லாம் நீலமாக இருந்தது. மிஞ்சிய கொஞ்சத்தைப் பிரித்து மரபணுவைப் படித்தார்கள். பெரும்பாலும் ரத்த வெள்ளை அணுக்கள். புற்றுநோய் செல்கள் முடிவு சொல்லும் அளவுக்கு இல்லை.

போனில் சொல்ல மனம் வராமல் ஊர்க்காவலனின் ஊரான தாயில்பட்டிக்குப் போனாள். அவர் கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி வள்ளித்தாய் நாற்காலி எடுத்துப் போட்டாள். பானுப்பிரியா நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு பிழைச்சுக்கிட்டாளா?"

"இல்லய்யா. மறுநாளே தவறிட்டாங்க."

அவர் கழுத்துத் தையலைத் தடவிக்கொண்டார்.

"மறுபடி வெட்டி எடுக்கலாமா?"

"மத்ததெல்லாம் கத்தி வைக்க முடியாத இடத்துல இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நீங்க நிக்காமப் போயிருக்கலாம் தாயி." குரலில் கோபம் இல்லை.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வள்ளித்தாய் கார் வரை கூடவே வந்தாள். "பழைய மாத்திரையவே குடுக்கவா? கேக்குதோ கேக்கலையோ, ஏதாவது குடுக்கணும்ல?"

"டாக்டரக் கேட்டுட்டுக் குடுங்கக்கா" என்றாள் பானுப்பிரியா.

தீபாவளி சீசன் முடியுமுன் ஊர்க்காவலன் இறந்துபோனார்.