இடப்பக்கத்து மைக்

சுவரொட்டியில் அந்தப் பாட்டின் பெயரும் இருந்தது.

தொழிலாளர் மன்றத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். ஐலாவின் பத்து வருடத்துக்கு முந்தைய படம், ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, இடைவேளையில் காபியும் ஏலக்காய் பன்னும். கீழே கொட்டை எழுத்தில்: 'இரும்புப் பாலம்' குழுவின் பாடல்கள், 'பனி உடையும் நாள்' உட்பட.

ஒரு தோளில் கிட்டார், மறு கையில், எங்கே போனாலும் கூடவே வரும் பேஸ் கிட்டார் பெட்டி. ஐலா அப்படியே நின்று அதை இரண்டு தடவை படித்தாள். மார்ச் மாதத்துக் காற்று துறைமுகத்திலிருந்து நேராக வந்து காதை அறுத்தது. மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓர்வோ கதவைத் திறந்துகொண்டு தலையை நீட்டினான்.

"உள்ள வாங்க ஐலா. குளிர்ல ஏன் நிக்கறீங்க?"

"இதை யார் போடச் சொன்னது?"

"எதை?"

"இந்தக் கடைசி வரியை."

ஓர்வோ சுவரொட்டியை அப்போதுதான் பார்ப்பவனைப் போலப் பார்த்தான். "அது இல்லாம எப்படிங்க? அந்தப் பேரைப் போட்டப்புறந்தான் டிக்கெட்டே நகர்ந்துச்சு. எங்க அம்மா மட்டும் மூணு டிக்கெட் வாங்கியிருக்கு. இருக்கறது ஒரு ஆளு."

"நான் அதைப் பாடறதில்ல ஓர்வோ. முப்பத்தோரு ஊருக்குப் போயிருக்கேன், ஒரு ஊர்லயும் பாடல."

"அதெல்லாம் வேற ஊருங்க. இது கோட்கா, நீங்க பாட ஆரம்பிச்ச ஊரு." பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பாதி வழியில் திரும்பாமலே சொன்னான். "அப்புறம், இல்மோ வர்றாரு. முன்வரிசைல அவருக்கு நாற்காலி போட்டிருக்கேன்."

கையுறையைக் கழற்ற ஆரம்பித்தவள் ஒரு கையோடு நிறுத்திவிட்டாள்.

இரும்புப் பாலம் குழு உடைந்துபோனது என்று பத்திரிகைகள் எழுதின. அவளுக்கு அந்தச் சொல் பொருத்தமாகப் பட்டதில்லை. ஒரு நவம்பரில் வடக்கே எங்கோ பாடிவிட்டு நான்கு பேரும் வேனில் திரும்பினார்கள். ஒவ்வொருவராக அவரவர் வீட்டு வாசலில் இறங்கினார்கள். பிரிவோம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்து என்றைக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் அதோடு முடிந்தது.

அந்தப் பன்னிரண்டு வருடமும் அவள் மேடையின் இடப்பக்கம் நின்றாள். பேஸ் வாசித்தாள், இரண்டாம் குரல் பாடினாள். நடுவில் இல்மோ. மெட்டு அவனுடையது. அதற்குக் கொஞ்சம் கீழே, ஒரு படி தள்ளி, நடந்துபோகிறவனின் நிழல்போல அவள் குரல் கூடவே போகும். இசைத்தட்டைக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அங்கே இன்னொரு குரல் இருப்பதே தெரியாது. எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்பார்கள்.

டிரம்ஸ் வாசித்த ரெய்யோ இறந்தபோது, அவன் மனைவி கேட்டுக்கொண்டதற்காக, ஐலா கல்லறைத் தோட்டத்தில் ஒரு கிட்டாரோடு தனியாகப் பாடினாள். அதை யாரோ படம் பிடித்தார்கள். பிறகு ஒவ்வொரு ஊராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். லஹ்தியில் முதல் கச்சேரியில், பல்லவி வந்ததும் அவளுக்கே தெரியாமல் குரல் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. கூட்டம் ஒரு மாதிரி விழித்தது. பாட்டின் சொற்கள் தெரிகின்றன, பாட்டைக் காணோம். அன்றைக்கு அவள் வியர்த்துப்போனாள். அதன் பிறகு தினமும் காலையில் வீட்டு ஜன்னலைப் பார்த்து நின்று, தன் இரண்டாம் குரலை மறந்து அவன் மெட்டைப் பாடிப் பழகினாள். அறுபத்தேழு வயதில்.

அந்த ஒரு பாட்டை மட்டும் தொடவில்லை. அதை இல்மோ எழுதினான், இல்மோ பாடினான். அவன் குரலைத் தவிர வேறு குரலில் அதை யாரும் கேட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு தொண்டையில் புற்று என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் எனக் கேள்விப்பட்டபோது, தம்பெரேயில் ஒரு வாழ்த்தட்டை வாங்கி, நான்கு வரி எழுதி, மேசை இழுப்பறையில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஓர்வோ மைக்கை மேடை நடுவில் வைத்திருந்தான். ஒலி சரிபார்க்க இரண்டு பாட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, மன்றம் காலியாகத்தானே இருக்கிறது என்று, கண்ணை மூடிக்கொண்டு 'பனி உடையும் நாள்' தொடங்கினாள். மெட்டு வழுக்கவில்லை. ஒரு வரியிலும் வழுக்கவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது, கடைசி வரிசையில் கனத்த கோட்டோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

கையை மெதுவாக இறக்கிவிட்டு எழுந்து வந்தான். மேடைக்கு முன்னால் நின்று கழுத்துத் துண்டை விலக்கி, பேசுவதற்காகத் தொண்டைக் குழியிலிருந்த துளையைக் கட்டை விரலால் அழுத்தி மூடினான்.

"வயசாயிடுச்சு உனக்கு."

சரளைக் கல்லில் சக்கரம் ஏறுவது போன்ற ஒலி. ஒரே சுருதி. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"உனக்கு மட்டும் என்ன, பால் பல்லா முளைக்குது?" என்றாள்.

"குரல் புதுசு. எப்படி?"

"நம்ம பழைய வேன் கிளம்பற மாதிரி இருக்கு."

இல்மோ சிரித்தான். சத்தமே வரவில்லை, தோள்கள்தான் குலுங்கின. "அந்த வேனாவது தள்ளினா ஓடும்."

மேடை விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓர்வோ இரண்டு கோப்பை காபியை வைத்துவிட்டு, நிற்காமல் போனான். முப்பது வருடத்துக்கு மேல் கழித்துப் பார்க்கிறார்கள். காபி பாதியாகும் வரை இருவரும் பேசவில்லை. முன்பெல்லாம் வேனில் நானூறு கிலோமீட்டர் இப்படித்தான் போவார்கள்.

"நல்லாப் பாடறியாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

"பேப்பர்காரனுக்கு என்ன தெரியும்?"

"அதைத்தான் நானும் நெனச்சேன்."

முழங்கையால் அவனை ஒரு இடி இடித்தாள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். விரலைத் தொண்டைக்குக் கொண்டுபோய், அழுத்தாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"அந்தப் பாட்டைப் பாடாதே ஐலா."

அவள் முகத்தில் சுருக்கென்று ரத்தம் ஏறியது. "ஏன், உன் சொத்தா?"

"சொத்துன்னா குடுத்துட்டுப் போயிடுவேன்." மூச்சு வாங்கினான். ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம்தான் வந்தது. "குரலைத்தான் வெட்டி எடுத்தாங்க. பாட்டை எடுக்கல. காலைல காபி போடும்போது தலைக்குள்ள பாடுவேன். என் பழைய குரல்லயே. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா போச்சு. ரேடியோல எவனாவது நம்ம பாட்டைப் பாடறதைக் கேட்டா, மறுநாள் தலைக்குள்ள அவன்தான் பாடறான். என்னைக் காணோம்."

"தட்டு இருக்கே. போட்டுக் கேக்க வேண்டியதுதானே?"

"தட்டுல இருக்கறவன் இருபத்திமூணு வயசுப் பொடியன். எனக்கு அவனைத் தெரியாது. என்கூட அறுபத்தஞ்சு வரைக்கும் வந்தானே, அவன் எந்தத் தட்டுலயும் இல்ல." தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினான். "இந்த ஒரு பாட்டுலதான் அவன் இன்னும் இருக்கான்."

ஜன்னலுக்கு வெளியே கூரை விளிம்பிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊரே அதுக்குத்தான் வருது," என்றாள் கடைசியில்.

"தெரியும். பாடு. நான் சொன்னதை விடு." கோட்டின் பித்தானைப் போட்டான். "அது வர்றப்போ நான் எழுந்து வெளிய போயிடறேன். சிகரெட் பிடிக்கப் போறவன் மாதிரி."

"நீதான் சிகரெட்டை விட்டாச்சே?"

"சிகரெட்தான் என்னை விட்டுச்சு."

மூன்று மணிக்கு மன்றம் நிறைந்தது. அவர்கள் முதன்முதலில் பாடிய மன்றம் இது. அன்றைக்குச் சுவரில் சாய்ந்து நின்றவர்கள் இன்று முதுகுக்கு மெத்தை கொண்டுவந்திருந்தார்கள். ஐலா நடுவில் நின்று ஒவ்வொரு பாட்டாகப் பாடினாள். கைதட்டினார்கள். இடைவேளையில் பன் தீர்ந்துபோனது. முன்வரிசையில் இல்மோ மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு கேட்டான். சில இடங்களில் அவன் கால் தாளம் போட்டதையும், சில இடங்களில் சட்டென்று நின்றதையும் அவள் பார்த்தாள். நின்ற இடங்களில் ஒவ்வொன்றாக அவனிடமிருந்து எதையோ தான் எடுத்துக்கொள்வதுபோல் இருந்தது. இத்தனை ஊர்களிலும் அவள் ஒரு தடவைகூட அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

பாடாமல் இருந்துவிடலாம். எல்லா ஊரிலும் செய்ததுதான். ஆனால் இரண்டாவது வரிசையில் ஓர்வோவின் தாய் ஹெல்வி இருந்தாள். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். எண்பத்து நான்கு வயதிலும் குரல் குறையவில்லை.

"ஐலா! எங்க பாட்டு எப்போ? இருட்டறதுக்குள்ள வருமா?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே இல்மோ தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். குனிந்தபடி, யார் பார்வையையும் மறைக்காமல், ஓரமாக நடக்க ஆரம்பித்தான்.

அந்த முதுகை ஐலா எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறாள். பக்கவாட்டில், சற்றுப் பின்னாலிருந்து. எப்போது தன் குரல் சேர வேண்டும் என்று அவள் தாளத்தை எண்ணியதில்லை. மூச்சிழுக்கும்போது அவன் வலத்தோள் ஒரு விரல்கடை உயரும். அதைப் பார்த்துத்தான் சேருவாள்.

"இல்மோ, உட்காரு," என்றாள் மைக்கில்.

அவன் திரும்பினான். மன்றமும் திரும்பி அவனைப் பார்த்தது.

"உன் பாட்டை நான் தொடல. உட்காரு."

அவன் நின்ற இடத்திலேயே, ஓர நாற்காலியில், பாதி உட்கார்ந்தான். ஐலா கிட்டாரைக் கழற்றிவைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து பேஸை எடுத்தாள். வாரை மாட்டிக்கொண்டாள். பிறகு மைக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் மேடையின் இடக்கோடியில் வைத்தாள். கம்பத்தின் அடி மரத்தில் உராய்ந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. நடுமேடை காலியாகக் கிடந்தது.

"இதுல என் பங்கு மட்டும்தான் பாடுவேன்," என்றாள். "மத்தது உங்களுக்குத் தெரியும். தயவுசெஞ்சு யாரும் கூடப் பாடாதீங்க. உள்ளுக்குள்ள வெச்சுக்கோங்க."

"அப்போ யார்தான் பாடறது?" என்றாள் ஹெல்வி.

ஐலா தந்தியைத் தொட்டாள்.

முதல் நான்கு வரிகளில் இரண்டாம் குரல் கிடையாது. அதனால் பேஸ் மட்டும் நடந்தது. நான்கு வரி நேரம், வாயில்லாத பாட்டு. யாரும் இருமவில்லை. வெளிச்சம் விழுந்த காலி இடத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐலா மட்டும் கீழே, ஓர நாற்காலியைப் பார்த்தாள். இல்மோவின் கைகள் காதருகே போயிருந்தன. பொத்தவில்லை, அருகில் நின்றன. பிறகு மடிக்கு இறங்கின. உதடு அசைந்தது.

ஐந்தாவது வரிக்கு முன்னால் அவன் வலத்தோள் உயர்ந்தது.

அவள் சேர்ந்தாள். எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் மறக்கப் பழகியது அப்படியே இருந்தது. தனியாகக் கேட்டால் அது பாட்டே இல்லை. ஏறவேண்டிய இடத்தில் ஏறாது, ஒரே சுரத்தில் வெகுநேரம் காத்து நிற்கும், பிறகு காரணமில்லாமல் ஒரு படி இறங்கும். ஆனால் மன்றத்தில் ஒருவரும் லஹ்தியைப் போல விழிக்கவில்லை. பலர் கண்ணை மூடியிருந்தார்கள். அவர்கள் யாரைக் கேட்டார்கள் என்று ஐலாவுக்குத் தெரியாது. அவள் கேட்டவனைத்தான் அவர்களும் கேட்டிருக்க வேண்டும் என்றில்லை. இறுதிச் சரணத்தில் அவன் எப்போதும் இழுப்பான். உதட்டைப் பார்த்துக்கொண்டே அவளும் இழுத்தாள், காத்திருந்தாள், இறங்கினாள்.

கடைசித் தந்தி அடங்கியது. தெருவில் ஒரு பேருந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அதற்கப்புறம்தான் கைதட்டினார்கள்.

நாற்காலிகளை மடிக்கும் நேரத்தில் ஹெல்வி கைத்தடியோடு இல்மோவின் அருகே வந்து, அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"உன் குரல் அப்படியே இருக்குடா. ஒண்ணும் ஆகல."

இல்மோவின் தோள்கள் குலுங்கின. அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடையில் வாரைக் கழற்றிக்கொண்டிருந்த ஐலாவிடம் வந்து விரலை அழுத்தினான்.

"மூணாவது சரணத்துல அவசரப்பட்டே."

"நீ இழுத்தே."

"நான் எப்பவும் இழுப்பேன்."

"எப்பவும் இதே சண்டைதான்," என்றாள். பேஸைப் பெட்டியில் படுக்கவைத்தாள். மூடியை மூடவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமல் ஊருக்குத் திரும்ப முடியாது என்பதும் தெரிந்தது. "தலைக்குள்ள இன்னும் இருக்கானா?"

இல்மோ விரலை எடுத்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு, யாரோ பக்கத்து அறையில் பேசுவதைக் கேட்பவனைப் போலத் தலையைச் சாய்த்தான். ஓர்வோ விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான். ஐலா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். ஒரு வரி போயிருக்கும். இரண்டு. மூன்று. நான்கு.

அவன் வலத்தோள் ஒரு விரல்கடை உயர்ந்தது.