சிங்காரத்தின் உடம்பில் செல்லையாவின் தலை

1

இந்தக் கதையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கோலாலம்பூரிலிருந்து வரும் ஞாயிறு இதழ் ஒன்றின் ஆசிரியர் கேட்டது கட்டுரை. "புகைப்படம் திருத்தப் பழகுகிறவர்களுக்கு அவசியமான கருவிகள். எளிய தமிழ். இரண்டு பக்கத்துக்கு மிகாமல்" என்று கடிதம் போட்டிருந்தார். நான் கேமரன் மலையில், தானா ராத்தா ஊரில், பூமலர் ஸ்டூடியோவில் ஏழு வருஷமாகப் படம் திருத்துகிறவள். பெயர் நீலா. முகப்பரு, கறை, அரைக்கண் மூடிய மாப்பிள்ளை, எல்லாம் என் மேசைக்கு வரும்.

முதல் வரி நன்றாகத்தான் வந்தது.

"புகைப்படம் திருத்த ஐந்து கருவிகள் போதும். முதலாவது"

அங்கேயே நின்றுவிட்டது. ஓர் உதாரணம் சொல்லலாமே என்று மணியம்மாவை உள்ளே கூப்பிட்டேன். உதாரணமாக வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கட்டுரை வெளியே நிற்கிறது.

வேறு மாதிரி தொடங்கலாமா?

"ரிங்லெட் மலைச்சரிவில் பனி மெல்ல இறங்கி"

[அடித்துவிட்டேன். கேமரன் மலையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். இங்கே இருக்கிற எங்களுக்குப் பனி என்றால் துணி காயாது, நெகடிவில் பூஞ்சை பிடிக்கும். அவ்வளவுதான்.]

2

மணியம்மா ரிங்லெட் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். பதினெட்டு வயது. போன வருஷம், 1976 ஆவணியில், எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் அவளுக்கும் தேயிலை ஆலையில் வேலை செய்யும் வேலப்பனுக்கும் கல்யாணம். படம் எடுத்தவர் எங்கள் முதலாளி திருச்செல்வம்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று கல்யாணப் படம். பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, பெண்ணைப் பெற்றவர் செம்பிலிருந்து தண்ணீர் விட்டுத் தாரை வார்க்கிற நேரம். இன்னொன்று தபால்தலை அளவுக்கு ஒரு பழைய படம். முறைத்துப் பார்க்கும் ஓர் ஆள். கன்னத்தில் பெரிய மச்சம்.

"நீலாக்கா, இந்தத் தலைய எடுத்து அந்த ஒடம்புல வச்சிக் குடுக்க முடியுமா?"

"யார் ஒடம்புல?"

"சிங்காரம் மாமா ஒடம்புல."

"மாமாகிட்ட கேட்டியா?"

"எப்படிக்கா கேக்குறது? மாமா, ஒங்க கழுத்த வெட்டப் போறேன், சரியான்னா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

சின்னப் படத்தில் முறைக்கிறவர் செல்லையா, அவள் அப்பா. சிவப்பு அடையாளக் கார்டுக்காரர், அதாவது இங்கே குடியுரிமை இல்லாதவர். 1970இல் வேலை பெர்மிட் கிடைக்காமல் கப்பலேறித் துறையூருக்குப் போய்விட்டார். அம்மா முன்பே தவறிவிட்டாள். இங்கே பிறந்த பெண் இங்கேயே இருக்கட்டும் என்று, பன்னிரண்டு வயது மணியம்மாவைப் பக்கத்து வீட்டுச் சிங்காரத்திடம் விட்டுப் போனார். சிங்காரம் அந்த எஸ்டேட்டில் கங்காணி, செல்லையாவின் கூட்டாளி. அவர்தான் அவளை வளர்த்தார், மாப்பிள்ளை பார்த்தார், தாரை வார்த்தார்.

"அப்பா ஒவ்வொரு காயிதத்துலயும் எழுதுறாருக்கா. 'கலியாணத்துல நான் எங்கன நின்னிருப்பேன்'னு. அந்த எடத்துல நின்ன மாதிரி ஒரு தடவ பாக்கட்டும் லா. ஆனா மாமாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒடஞ்சி போயிருவாரு."

வாசகரே, கதை இவ்வளவுதான். ஒரு பெண்ணுக்குப் பெற்றவரும் படத்தில் வேண்டும், வளர்த்தவர் மனசும் நோகக் கூடாது. தாரை வார்க்கிற இடத்திலோ ஒரு ஆள்தான் நிற்க முடியும்.

3

முதல் கருவி, சட்டம். படத்தில் வேண்டாத ஓரத்தை வெட்டி எறிவதற்கு. கல்யாணப் படத்தின் இடது ஓரத்தில் ஒரு பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான், அவனைத் தூக்கினேன். இந்தக் கதையிலும் அப்படிச் சிலரைத் தூக்கியிருக்கிறேன். முதலாளியின் மனைவி பரமேஸ்வரி முதல் வரைவில் ஒன்றரைப் பக்கம் பேசினார். நல்ல மனுஷி, ஆனால் கதைக்குள் வந்தால் யாரையும் பேச விடமாட்டார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிங்காரத்தை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

"கங்காணி சிங்காரம் தடித்த மீசையை முறுக்கிக்கொண்டு, கையில் பிரம்புடன்"

[சிங்காரத்துக்கு மீசையே கிடையாது. பிரம்பும் இல்லை. வருஷம் முழுக்க ஜலதோஷம், தலையில் காது மூடிய கம்பளிக் குல்லா. கங்காணி என்றதும் என் பேனா தானாக மீசை போட்டுவிட்டது. ஸ்டூடியோவில் இதற்குப் பெயர் 'கை மீறின திருத்தம்'.]

அவரிடம் பெருமைப்பட ஒன்று உண்டென்றால் அது கைக்கடிகாரம். 1968இல் எஸ்டேட் துரை கொடுத்தது. தாரை வார்க்கிற படத்தில் செம்பைவிட அதுதான் நன்றாக விழுந்திருக்கிறது. மணியம்மா அதைச் சுரண்டிவிடச் சொன்னாள். அப்பா ஜென்மத்தில் கடிகாரம் கட்டினதில்லையாம்.

4

இரண்டாவது கருவி, கம்பி முனையில் ஒட்டிய சின்ன வட்ட அட்டை. பெரிதாக்கும் விளக்கின் கீழே முகத்தின்மேல் அதை ஆட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் குறைவாக விழும், படத்தில் முகம் வெளுத்து வரும். கையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முகத்தைச் சுற்றி சாமி படம் மாதிரி ஒளிவட்டம் வந்துவிடும். (ஒரு மாப்பிள்ளைக்கு அப்படி வந்துவிட்டது. அவர் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.)

செல்லையாவின் சின்னப் படத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கினேன். சிக்கல் உடனே தெரிந்தது. அவர் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம், கல்யாணத்தில் வெளிச்சம் வலப்பக்கம். அப்படியே ஒட்டினால் ஒரே ஆளுக்கு இரண்டு சூரியன். நெகடிவைத் திருப்பிப் போட்டேன், வெளிச்சம் சரியாகிவிட்டது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது கருவி பிளேடு, ஐந்தாவது பசை. தலையை வெட்டி, விளிம்பின் பின்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து மெல்லிசாக்கி, சிங்காரத்தின் கழுத்தின்மேல் ஒட்டினேன். நான்காவது, மூன்று மயிர்த் தூரிகை. அதைக்கொண்டு கழுத்தில் தெரிந்த வெட்டை மறைத்தேன். அதை மறுபடி படமெடுத்து, சரிபார்க்க ஒரு பிரதி போட்டேன். கடிகாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன்.

அதே வாரம் சிங்காரம் தன் வீட்டுச் சுவரில் மாட்ட அசல் படத்தில் ஒரு பிரதி கேட்டிருந்தார். அதுவும் தயார். ஒரே அளவு, ஒரே மாதிரி உறை.

5

[இந்தப் பகுதியில் பழியை முதலாளி திருச்செல்வத்தின்மேல் போட்டிருந்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தார். கிழித்துவிட்டேன். சிங்காரத்துக்கு உறையை மாற்றிக் கொடுத்தது நான்தான்.]

6

மறுநாள் திரிங்காப்புக்குக் காய்கறி ஏற்றத் திரும்பிக்கொண்டிருந்த காலி லோரி ஒன்று ஸ்டூடியோ வாசலில் நின்றது. கம்பளிக் குல்லா முதலில் இறங்கியது, பிறகு சிங்காரம். கையில் உறை.

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. கேமரனில் வேர்ப்பது சாதாரண விஷயமில்லை.

படத்தை மேசைமேல் வைத்தார். "என்னம்மா இது? கழுத்துக்குக் கீழ நானு, மேல செல்லையா."

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மணியம்மா கேட்டது, அவரிடம் சொல்லாதது, அவர் உடைந்துபோவார் என்று அவள் பயந்தது. அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம்தானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

"பைத்தியக்காரப் புள்ள," என்றார் கடைசியில். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் லா, தலைய."

பிறகு படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "ஆனா வேல சரியில்லம்மா."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன சரியில்ல?"

"மச்சம் அவனுக்கு இந்தப் பக்கமில்ல. அந்தப் பக்கம்."

நெகடிவைத் திருப்பினேனே! ஏழு வருஷ அனுபவம் இருக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு கன்னத்தில் பிளேடால் சுரண்டினேன். மறு கன்னத்தில் தூரிகையால் வைத்தேன். சிங்காரம் பக்கத்தில் நின்று, "இன்னும் கீழ, இன்னும் கீழ, ஆங்" என்று இடம் காட்டினார்.

"இப்ப சரியா?"

"எங்க சரி? மக கலியாணத்துல இப்படியா மொறைப்பான்? சிரிக்க வையி."

வாயைத் தொடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஒரு இழை தவறினாலும் ஆள் மாறிவிடும். சொன்னேன். அவர் கேட்கவில்லை. "அவன் வாயத் தொறந்து சிரிக்க மாட்டாம்மா. முன்பல்லு ஒண்ணு இல்ல, வெக்கம். ஒரு பக்க ஓரம் மட்டும் மேல ஏறும். இங்க பாரு" என்று தன் வாயை வைத்துக் காட்டினார். கண்ணாடி முன்னால் நின்று தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பத்து நிமிஷம் சிங்காரம் செல்லையாவாகச் சிரித்துக்கொண்டே நின்றார். அவரைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு மயிரளவு நிழல் வைத்தேன்.

கடைசியாகக் கடிகாரத்துக்கு வந்தேன், பிளேடை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும். ஊர்ல நாலு பேரு பாப்பான். கட்டிக்கிட்டுப் போவட்டும்."

7

இங்கே நிறுத்தலாம். ஞாயிறு இதழ்க்காரர்களுக்கு இந்த முடிவு பிடிக்கும். சிங்காரமே தன் கையால் உறையைத் தபாலில் போட்டார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். (போட்டார். உண்மைதான்.)

இன்னொரு முடிவும் வைத்திருந்தேன். மணியம்மா ஓடிவந்து சிங்காரத்தின் காலில் விழுகிறாள், அவர் "அப்பான்னு கூப்புடு" என்கிறார். அதை எழுதிவிட்டு நானே அழுதேன். பிறகு மணியம்மாவிடம் கேட்டேன், நிஜமாக என்ன நடந்தது என்று. "மாமா ஒரு வாரம் எங்கூட பேசலக்கா. அப்பறம் கியா பார்ம்ல ஸ்ட்ராபெர்ரி வாங்கிட்டு வந்து குடுத்தாரு" என்றாள். காலில் விழுகிற முடிவை அத்தோடு தூக்கிப்போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை துறையூரிலிருந்து ஸ்டூடியோ முகவரிக்கே ஒரு கடிதம் வந்தது. மேலே 'படம் திருத்துற புள்ளைக்கு' என்று போட்டிருந்தது. அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை:

"அம்மா, படம் கெடச்சுது. நல்லாச் சிரிக்கிறேன். கெடிகாரத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, ஒடம்பு சிங்காரம்னு. அதுதானம்மா நியாயம். ஆறு வருசமா சொமந்தது அவன் ஒடம்பு. தல மட்டும்தான் நானு. இதோட டவுன்ல போயி ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கேன். ஒரு பக்கம் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எடம் விட்டிருக்கேன். இன்னொரு பக்கம் சிங்காரத்துக்கு. வச்சி ஒட்டிக் குடு. இந்த தடவ அவன் தல அவன் ஒடம்புலயே இருக்கட்டும்."

8

படம் என் முன்னால் இருக்கிறது. திரையில் வரைந்த ரோஜாத் தோட்டம். நடுவில் செல்லையா, வெள்ளை வேட்டி சட்டையில், நான் வரைந்த அதே சிரிப்போடு. சிங்காரம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் நிறைய காலி இடம். இடது கை பக்கத்தில் தொங்குகிறது. வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டியிருக்கிறார், ஒரு தோளின்மேல் வைத்திருக்கிற மாதிரி. கீழே தோள் இல்லை.

ஐந்து கருவிகளையும் எடுத்து வைத்துவிட்டேன். கட்டுரையைக்கூட முடித்துவிடலாம். ஆனால் அடிமட்டத்தை வைத்து அளந்தபோதுதான் பார்த்தேன். அந்தக் கை அவருடைய நெஞ்சுக்குக் கீழே நிற்கிறது. மணியம்மா இன்று சிங்காரத்தின் காது வரை இருக்கிறாள். செல்லையா கை வைத்திருப்பது பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தோளில். அவர் விட்டுப்போன உயரத்தில்.

இதற்குக் கருவி இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. அந்தக் கையை வெட்டி எடுத்து, ஆறு வருஷம் மேலே தூக்கி ஒட்டலாம். அல்லது மணியம்மாவைச் சிறிதாக அச்சடித்து, கையைத் தொடாமல் அவளை அதற்குக் கீழே கொண்டுவரலாம். இரண்டையும் விளிம்பு தெரியாமல் செய்ய என்னால் முடியும். எதைச் செய்வது என்றுதான் தெரியவில்லை. முதலாளியைக் கேட்டேன். அவர் டீ வாங்கிக்கொடுத்தார்.

நீங்கள் இதைப் படிப்பது ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று பத்து மணிக்கு மூன்று பேரும் படம் எடுத்துக்கொள்ள இங்கே வருகிறார்கள். மணியம்மா கல்யாணப் புடவையில், வேலப்பன் இஸ்திரி போட்ட சட்டையில், சிங்காரம் குல்லா இல்லாமல். மணியம்மா இன்னும் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். கருவிகள் ஐந்தும் உங்களுக்கு இப்போது தெரியும், பிளேடு இதோ மேசைமேல் இருக்கிறது. சொல்லுங்கள், கையைத் தூக்கட்டுமா, பெண்ணைக் குறைக்கட்டுமா?